என்னைத் தேடுச்சா?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது சொல்லிக் கொடுக்கும்படி, வேலையை விட்டு வந்துவிட்ட எனக்கு முதலாளியம்மா போன் செய்தார். நாயை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். நேரில் வந்து பேசலாம்தான். ஆனால் இதைப் பேச ஆரம்பித்தால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீங்கள் தண்ணீர் எடுக்க ஓடுவீர்கள், விஷயம் அங்கேயே நின்றுவிடும். மூவரும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் எழுதியே தருகிறேன்.

குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, எந்த நாயை எந்த நாயோடு விடக் கூடாது என்பதையெல்லாம் அங்கே இருக்கிறவர்கள் காட்டிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது சாயங்காலம் வாசலில் நாயைத் திருப்பிக் கொடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி. இத்தனை வருஷ வேலையில் நான் தலைகுனிந்து நின்றது அந்த வாசலால்தான்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் நாய்க்கென்று ஆள் வைத்துப் பார்ப்பது கிடையாது. அது பாட்டுக்குப் பிறக்கும், யார் வீட்டு மீன் தலையையாவது தின்னும், மத்தியானம் ரோட்டு நடுவில் படுத்து லோரிக்காரனிடம் திட்டு வாங்கும். மலை டவுனான பிரிஞ்சாங்கில் ஹோட்டல் துணி துவைக்கிற வேலையை விட்டுவிட்டு, பகலில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் சேரப் போகிறேன் என்றதும் என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாய்க்கு ஆயா வேலையா?" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று காட்டாமல் விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். அந்த ரோஷம்தான் என்னைப் பின்னால் குழியில் தள்ளியது.

நம்மிடம் வருகிறவர்களை உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சனி ஞாயிறென்றால் கோலாலம்பூர்க்காரர்கள். நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவார்கள். ஹோட்டலில் நாய்க்கு இடமில்லை என்பது வந்து சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் உள்ளூர் ஆட்கள். லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடும் ஒரு சீனப் பெரியவர் வருவார். அவருடைய நாய் கன்றுக்குட்டி அளவு இருக்கும். அவர் கேட்பதெல்லாம் "சூடா மாக்கான்?" மட்டும்தான். சாப்பிட்டது என்று தலையாட்டினால் முகம் மலர்ந்து போய்விடுவார். ஒரு டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பெற்றோரை நடுங்க வைத்தவர், நம் வாசலில் நின்று, "இன்னிக்கு யாரையும் கடிக்கலயே?" என்று தானே நடுங்குவார். போட்டோ வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரு கூட்டம். அவர்களிடம்தான் நான் முதலில் மாட்டினேன்.

ஒரு கோலாலம்பூர் அம்மாவின் வெள்ளை நாய் அன்றைக்குச் சேற்றில் புரண்டுவிட்டது. மழை வேறு. அந்த அம்மா போட்டோ கேட்டு மெசேஜ் மேல் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தின நாள் எடுத்த போட்டோவை அனுப்பி, "இப்போது விளையாடுகிறது" என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா அப்போது தேயிலைத் தோட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்கும் புருஷன் முகமே தெரியாத பனியில் நின்றிருக்கிறார். போட்டோவில் அவர் நாய் நல்ல வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தது. நேராக வந்து வாசலில் நின்று, "இந்த வெயில் எங்கே அடிக்குது, காட்டுங்க, நானும் போறேன்" என்றார். முதலாளியம்மா மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளே போய் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து பழைய போட்டோ அனுப்புவதை விட்டேன். ஆனால் வாயால் சொல்லும் பொய்யும் அதே ஜாதிதான் என்று என் மண்டையில் ஏறவில்லை. வாய்ப் பேச்சை நான் சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆகிவிட்டால் நாய்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு போய் வாசல் கம்பிக் கதவோரம் நிற்கும், சில முனகும், சில கம்பியைப் பிராண்டும். வருகிறவர்கள் இதைப் பார்த்தால் நாய் பகலெல்லாம் அழுதது என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குப் பயம். இது முதலாளியம்மா போட்ட விதி இல்லை, என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஏப்ரன் பாக்கெட்டில் வறுத்த நெத்திலி போட்டு வைத்திருப்பேன். பாக்கெட்டைக் குலுக்கினால் போதும், வாசலில் நிற்கிற நாயெல்லாம் என் பின்னால் வந்துவிடும். பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் துடைத்து, சீவிவிட்டு, ஆள் வந்ததும் ஒவ்வொன்றாக அழைத்து வருவேன். அது என் பாக்கெட்டைப் பார்த்து வாலாட்டிக்கொண்டே வரும். நான் உடனே சொல்வேன்: "பாருங்க, வீட்டுக்கு வர மனசே இல்ல இதுக்கு!"

எல்லோரும் சிரிப்பார்கள். தன் நாய் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறதே என்று பலருக்கு மகிழ்ச்சிதான். அந்த ஒரு வசனத்துக்காகவே என்னைத் தெரிந்தவர்கள் பிரிஞ்சாங்கில் இருந்தார்கள். சொல்லிச் சொல்லி அது எனக்குக் கும்பிடு போடுவது மாதிரி ஆகிவிட்டது. யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்கவே மறந்துவிட்டேன்.

சூசை அண்ணன் அப்போதுதான் வந்தார்.

அவர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். ரிட்டாயர் ஆகப் போகிற வயது. அதிகம் பேசமாட்டார், பேசினாலும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவருடைய நாய் பிளாக்கி. பெயர்தான் பிளாக்கி, நிறம் தேயிலைச் சாயம். பழைய கப்சாய் மோட்டார்சைக்கிளின் முன்கூடையில் அதை உட்கார வைத்து, மழைக்கோட்டால் போர்த்தி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். அந்த மோட்டாரின் புகைக்குழாயில் எங்கோ ஓட்டை. மேட்டில் ஏறும்போது இருமிக்கொண்டே ஏறும்.

"இது என் சம்சாரத்தோட நாய், தங்கச்சி" என்றார் முதல் நாள். "அவ கொழுந்தெடுக்கப் போறப்ப கூடவே மலைக்குப் போகும், கூடவே வரும். அவ தவறிப் போனதுக்கப்புறம் வீட்டுல தனியா விட்டா ஊள விடுது. பக்கத்து வீட்டுல நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்குறவங்களுக்குத் தொந்தரவு. தோட்டத்து ஆபீஸ் கிராணி ரெண்டு தடவ சொல்லிட்டாரு. லோரியில ஏத்த முடியாது, கொழுந்து இருக்குல்ல. மகதான் இந்த எடத்தக் கண்டுபிடிச்சுச் சொன்னா."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கிட்ட அதுக்கு அவ்வளவு ஒட்டுதல் கெடையாது லா. எல்லாம் அவகிட்டதான். கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் தன் மனசைத் திறந்து காட்ட முடியாது. நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "என்னைத் தேடுச்சா?" என்றார்.

"தேடுறதா? உங்கள மறந்தே போச்சு அண்ணே! ஜாலியா இருந்துச்சு லா" என்றேன்.

"நல்லது, நல்லது" என்று பிளாக்கியைத் தூக்கிக் கூடையில் வைத்தார். அடுத்த நாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். சாப்பிட்டதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை, போட்டோ கேட்டதில்லை, கடித்ததா என்று கேட்டதில்லை. "என்னைத் தேடுச்சா?" மட்டும்தான். நாய் அழவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார் என்று நான் நினைத்தேன். அதனால் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். பிளாக்கி தேடியது. முதல் சில நாள் இல்லை, அப்போது அது ஒரு மூலையில் படுத்தே கிடந்தது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே வளைவில் அந்த இருமல் மோட்டார் கேட்டது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். கார் போனால் திரும்பாது, வேறு மோட்டார் போனால் காதை மட்டும் நிமிர்த்தும். அவர் வரும் நேரம் நெருங்கினால் கம்பிக்கு நடுவில் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கும். மனைவி போன பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆளை அது பற்றிக்கொண்டுவிட்டது. அவருக்குத் தெரியாதது இது ஒன்றுதான். எனக்குத் தெரிந்ததும் இது ஒன்றுதான்.

நான் என்ன செய்தேன்? பாக்கெட்டைக் குலுக்கினேன். பிளாக்கி முதலில் வரவில்லை. வாசலை விட்டு நகராத நாயா என்று எனக்கு அதன் மேல் ஒரு வீம்பே வந்துவிட்டது. பெரிய நெத்திலியாகப் பொறுக்கி வைத்துப் பழக்கினேன். கடைசியில் அதுவும் இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் பின்னால் வர ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு குஷி. இதை எழுதும்போது என் காது சூடாகிறது.

ஒரு சாயங்காலம் அவர் அதற்கென்று கோழித்துண்டு அவித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். வாசலில் இன்னும் சில பேர் நின்றிருந்தார்கள். பிளாக்கியைப் பின்கட்டிலிருந்து கூட்டி வந்தேன். அவர் குனிந்து பையைப் பிரித்தார். பிளாக்கி அவரை ஒரு முறை முகர்ந்துவிட்டு, திரும்பி என் ஏப்ரனில் மூக்கை வைத்தது. நெத்திலி வாசம், வேறொன்றுமில்லை. நான் சத்தமாக என் வசனத்தைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சூசை அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் கோழியைத் திரும்ப மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பள்ளி விடுமுறை வந்தது. அந்த நாட்களில் நம் வாசல் எப்படி இருக்கும் என்று சீக்கிரமே பார்ப்பீர்கள். மழை, கார் வரிசை, ஆளுக்கு ஆள் அவசரம். ஒரு ஹஸ்கி தன் கயிற்றையும் ஒரு சின்னப் பெண்ணின் காலையும் சேர்த்துச் சுற்றிவிட்டிருந்தது. நான் முட்டி போட்டு அதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து சூசை அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். நான் ரிட்டாயர் ஆகுறேன். மேனேஜரு இன்னும் கொஞ்ச நாள் கான்ட்ராக்ட்ல ஓட்டு, லயத்து வீட்டுலயே இருந்துக்கோன்னு சொல்றாரு. மக ஈப்போவுக்கு வந்துடுங்கிறா. அவ இருக்கிறது அடுக்குமாடி. நாய் வெக்க விடமாட்டாங்க."

"ம்ம், சொல்லுங்க அண்ணே" என்றேன், நிமிராமலே.

"நான் இல்லாம இது இருந்துக்குமா? இருக்காதுன்னா நான் இங்கயே இருந்துடுறேன். அதான் கேக்குறேன்."

அந்த இடத்தில் கயிற்றை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்க அண்ணே, இந்தக் கூட்டம் போகட்டும், உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதர் தன் மிச்ச வாழ்க்கையை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்கிறார். நான் ஹஸ்கியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "பகல் பூரா நீங்க இல்லாமதான அண்ணே இருக்கு? ஒரு தடவகூட வாசலப் பாத்ததில்ல. நீங்க தாராளமா மககிட்ட போங்க" என்றேன்.

நல்லதுதான் சொன்னேன் என்று நினைத்தேன். வயதான காலத்தில் மகளோடு இருக்கட்டுமே என்று ஒரு எண்ணமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த 'ஒரு தடவகூட' என்பது அவருடைய நல்லதுக்காகச் சொன்னது இல்லை. அது என் பெருமைக்காக வந்தது.

"சரி, அதுக்கு இங்கதான் சந்தோசம்னா இங்கயே இருக்கட்டும்" என்றார்.

முதலாளியம்மாவிடம் பேசி, பிளாக்கியை டேகேரிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவானது. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு காலையில் பிளாக்கியைக் கொண்டு வந்து விட்டார். அதன் அலுமினியத் தட்டு, அவர் மனைவி மலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கம்பளிச் சட்டை, இரண்டையும் என் கையில் கொடுத்தார். மோட்டாரை டவுனில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறப் போவதாகச் சொன்னார். பிளாக்கியின் தலையில் கை வைத்து, "தொந்தரவு குடுக்காம இரு" என்றார். கூட வேலை செய்தவர்களிடம் அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா, சொந்த மொதலாளியே விட்டுட்டுப் போற அளவுக்கு நாம பாத்துக்கிறோம்" என்று பீற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பிளாக்கி வாசலுக்குப் போனது. பாக்கெட்டைக் குலுக்கினேன், வரவில்லை. எல்லா நாயும் போன பிறகும் நின்றது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியாகவில்லை. சூசை அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றும், கையில் போனை எடுப்பேன், என்ன சொல்வது என்று வைத்துவிடுவேன். வெட்கம் இருக்கிறதே, அது முதலில் நம் வாயைத்தான் கட்டும்.

அப்புறம் ஒரு நாள், நாய்த் தீனி கொண்டு வந்த லோரிக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கீழே ரோட்டில் அந்த இருமல் மோட்டார் போகிற சத்தம் கேட்டது. நான் அது யாருடைய மோட்டார் என்று யோசித்து முடிப்பதற்குள் பிளாக்கி என் காலுக்கு நடுவில் பாய்ந்து வெளியே போய்விட்டது.

பிரிஞ்சாங் ரோட்டில் பஸ்ஸும் காரும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. ஏப்ரனோடு ஓடினேன். பிளாக்கி, பிளாக்கி என்று கத்திக்கொண்டு, கார் கண்ணாடிகளில் முட்டிக்கொண்டு ஓடினேன். எங்கேயாவது சக்கரத்தடியில் கிடக்குமோ என்று ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். ஹோட்டல் வரிசை தாண்டி, கடைத்தெருவில் திரும்பினபோதுதான் கண்ணில் பட்டது. ரொட்டி சானாய் கடை வைத்திருக்கும் பாயின் கடை முன்னால், அந்த மோட்டார் நிறுத்தியிருந்தது. அதன் பக்கத்தில் பிளாக்கி உட்கார்ந்திருந்தது. காலியாக இருந்த முன்கூடையைப் பார்த்தபடி இருந்தது.

பாய் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, நீளக் குச்சியால் அதன் பக்கம் தள்ளி வைத்திருந்தார். சாப்பிட வந்தவர்களை மற்றப் பக்க வழியாக உள்ளே போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒங்க நாயாம்மா?" என்றார். "மோட்டார எடுத்தா பின்னாடியே ஓடி வருது. ரோடு இருக்கிற இருப்புக்கு அடிபட்டுடும்லா. அதான் எடுக்கல. தாப்பாவ் சாப்பாட்டுப் பொட்டலம் நாலஞ்சு எடத்துக்குப் போகணும், பையனுங்கள நடந்து போகச் சொல்லிட்டேன்."

"மன்னிச்சிடுங்க பாய், உங்களுக்கு நாய் எச்சில் ஆகாது, வண்டியில வேற மூக்க வெச்சிருக்கு..."

"அத நான் கழுவிக்கிறேன், அது என் வேல. இது யாருக்குங்க காத்திருக்கு?"

பாக்கெட்டைக் குலுக்கினேன். பிளாக்கி திரும்பி என்னைப் பார்த்தது, நெத்திலியைப் பார்த்தது, மறுபடி கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இத்தனை நாள் வாசலில் நின்று எல்லோரையும் சிரிக்க வைத்தவள், ஒரு கை நெத்திலியோடு நடுத்தெருவில் நின்றேன்.

"சூசை அண்ணனோட நாயா?" என்று பாயே கேட்டார். "மோட்டார குடுக்கிறப்ப அவரு சொன்னாரே, நாய் அவர மறந்துடுச்சு, டேகேர்லதான் சந்தோசமா இருக்குன்னு." பிறகு தன் போனை எடுத்து நம்பரைத் தட்டி என் முன்னால் நீட்டினார். "இந்தாங்க. நீங்களே சொல்லுங்க."

வாங்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பக்கம் சூசை அண்ணன், "பாய், வண்டி ஏதும் மக்கர் பண்ணுதா?" என்றார்.

"அண்ணே, நான் டேகேர்லேருந்து பேசுறேன். பிளாக்கி உங்க மோட்டார் சத்தம் கேட்டு ஓடியாந்துடுச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா மோட்டார விட்டு வரமாட்டேங்குது."

நானே சொன்னேன். தினமும் வாசலில் நின்றது, நான்தான் ஆசை காட்டிப் பின்னால் கூட்டிப் போனேன், நீங்கள் வளைவில் வருவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் பாய் கடை வாசலில் நின்று சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு தடவகூட பாத்ததில்லன்னு சொன்னீங்களே, தங்கச்சி" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

பிளாக்கியைத் திரும்பக் கொண்டு போக ஒரு வழிதான் இருந்தது. பாய் இன்ஜினைப் போடாமல் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினார். பிளாக்கி சக்கரத்தை ஒட்டி நடந்தது. அதன் பின்னால் நான். சுற்றுலாக் கூட்டம் காரை நிறுத்தி வேடிக்கை பார்த்தது. வாசலில் நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் பாய் மூச்சு வாங்க நின்றார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே புகைக்குழாயை மாற்றிவிட்டாராம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாய் இன்னொரு முறை ஏமாறக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சூசை அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்தார். பிளாக்கி அவரைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. மோட்டார் இல்லாமல் அவர் வருவார் என்று அதற்குத் தெரியாது போலிருக்கிறது. அவர் "டேய் பிளாக்கி" என்றதும், வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து அவர் காலடியில் மூத்திரம் பெய்துவிட்டது. அவர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

தோட்டத்துக்குப் போய் மேனேஜரிடமும் கேட்டுப் பார்த்தார். அந்த வேலைக்கு வேறு டிரைவர் வந்தாயிற்று, வீட்டில் அவன் குடும்பம் குடியேறியாயிற்று. மகள் வீட்டில் நாய்க்கு இடமில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னிடம், "நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது?

வேலையை விட்டு வரும்போது பிளாக்கியை நான் என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கம்போங் ராஜாவில் என் வீடு, ஈப்போ பஸ் ரூட்டிலேயே இருக்கிறது. முடிகிறபோது அவர் வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போவார். வராத நாளில் சாயங்காலம் போன் வரும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாயை விட்டுப் போகிறவர் சாப்பாடு பற்றிக் கேட்பார், போட்டோ கேட்பார், சுத்தம் பார்ப்பார். அதெல்லாம் செய்யுங்கள். ஆனால் சாயங்காலம் அவர் மேட்டில் ஏறி வரும்போது, தனக்காக ஒரு ஜீவன் நிற்கிறதா என்றுதான் முதலில் வாசலைப் பார்க்கிறார். நாய் வாசலில் நின்றால் நிற்கட்டும். முனகினால் முனகட்டும். அழுததா என்று கேட்டால், அழுதது, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிவிட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள். நம் திறமையைக் காட்டுவதற்காக அவருக்கு உரியதைத் திருடாதீர்கள். கூட்டம் நெரிகிற நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து மெதுவாக ஏதாவது கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். ஹஸ்கி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

போனில் சூசை அண்ணன் இன்றைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். "என்னைத் தேடுச்சா?" தேடுச்சு அண்ணே, வாசல்ல நிக்குது என்று சொல்வேன். "ம்ம்" என்பார். பிறகு மழையா, வெயிலா என்று ஏதாவது கேட்டுவிட்டு வைத்துவிடுவார். உண்மையைச் சொல்லி அவரைக் கஷ்டப்படுத்துகிறோமோ என்று நினைத்துக்கொள்வேன். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிளாக்கிக்கு இப்போது வயதாகிவிட்டது. காதும் சரியாகக் கேட்பதில்லை. போன வாரம் ஒரு சாயங்காலம் வாசலுக்கே போகாமல், அந்தக் கம்பளிச் சட்டையின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்துப் போன் வந்தது. தேடுச்சு என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. எத்தனை சுலபம்! அதுவும் இந்த முறை அவர் மனசு குளிரும்படியான பொய்.

"இன்னிக்குத் தேடல அண்ணே" என்றேன். "அசந்து தூங்குது."

கோபப்படுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"தேடலன்னு சொல்றீங்கல்ல, தங்கச்சி" என்றார் மெதுவாக. "அப்போ மத்த நாளெல்லாம் தேடுச்சுன்னு சொன்னது நெசம்தான்."

அவர் குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டார். நான் பிளாக்கியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலமும் அவர் என்னை நம்பாமலேயே தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.